முழுசா வந்துச்சா?

அம்மா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் அதுதான். விடுமுறை முடிந்து பஸ் ஏறிப் போன மகன், போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தாலும் "முழுசா வந்துட்டியா?" என்பாள்.

"கை கால் எல்லாம் இருக்கும்மா."

"எண்ணிப் பாத்தியா?"

சிரிக்க மாட்டாள். உண்மையாகவே கேட்கிறாளோ என்று மகன் ஒருமுறை குனிந்து பார்த்திருக்கிறான்.

இந்தக் கேள்வி வானத்திலிருந்து குதிக்கவில்லை. அம்மா வேலை பார்த்தது அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு கம்பெனியில். சோப்பு, பற்பசை, இருமல் மருந்து என்று எதை எடுத்தாலும் அதற்கு ஒரு பெட்டி வேண்டும். பெட்டியின் மேல் படம் வேண்டும். அம்மா அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். படம் வரைகிற அலுவலகம் ஊருக்குள் இருந்தது. அச்சடிக்கும் ஆலையை, இடம் மலிவு என்று, ஊருக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோய் வைத்தார்கள். முதலில் படங்கள் ஸ்கூட்டரில் போயின. பிறகு கம்பி வழியாகப் போக ஆரம்பித்தன. இந்தப் பக்கம் ஒரு கணினி, ஆலையில் ஒரு கணினி. அனுப்புவதற்கு ஒரு கறுப்புத் திரை. அதில் ஆலைக் கணினியின் பெயரை அடிக்க வேண்டும், 'போடு' என்பதற்கு ஆங்கிலத்தில் 'புட்' என்று அடிக்க வேண்டும், கோப்பின் பெயரை அடிக்க வேண்டும். அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது, பார்ப்பதற்குப் படம் கிடையாது. படம் வரைகிறவர்கள் அந்தத் திரையைக் கண்டாலே பாம்பைக் கண்டதுபோல நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். "டைப் அடிக்கத் தெரிஞ்சவங்க அடிங்க" என்றார் மேனேஜர். தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

"டைப்ரைட்டருக்கு இது தேவலை" என்றாள் அம்மா. "தப்பா அடிச்சா பேப்பர் வீணாகாது."

பேப்பர் வீணாகவில்லை. அட்டை வீணானது.

ஆலைக் கணினிக்கு ஒரு குணம் உண்டு. அதன் ஃபோல்டரில் எது வந்து விழுந்தாலும் உடனே எடுத்து அச்சுத் தகடு செய்துவிடும். ஒருநாள் ஒரு சோப்புப் பெட்டியின் படம் போய்க்கொண்டிருக்கும்போது பாதி வழியில் இணைப்பு அறுந்தது. கணினி யாரையும் கேட்கவில்லை. வந்தவரைக்கும் போதும் என்று எடுத்துக்கொண்டது. பெட்டியில் ஒரு பெண் முகம். நெற்றி, கண், மூக்கு வரை இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை. ஆலையில் இருந்தவர்கள் கிடங்கு நிறையும்வரை அச்சடித்துவிட்டு, "புது மாதிரி டிசைன்னு நெனச்சோம்" என்றார்கள்.

மேனேஜர் பெட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "பாதி மூஞ்சிக்கு எவன் சோப்பு வாங்குவான்?" என்றார்.

அம்மா ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தாள். கடைசிவரை அதில்தான் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தாள். மறுநாள் ஆலைக்கு அவளே போன் செய்தாள். எடுத்தவர் அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர்.

"தம்பி, உங்க மெஷினுக்குக் கண்ணு இருக்கா?"

"கண்ணு எங்கக்கா இருக்கு? வர்றதை வாரிக்கும்."

"பேரையாவது படிக்குமா?"

"அது படிக்கும்."

"அப்ப 'பாதி'ன்னு பேரு ஆரம்பிச்சா தொடக் கூடாதுன்னு அதுகிட்ட சொல்லி வை."

அன்று ஆரம்பித்த வழக்கம். எந்தக் கோப்பையும் அம்மா அதன் சொந்தப் பெயரில் அனுப்ப மாட்டாள். ஆங்கில எழுத்தில் 'பாதி' என்று முன்னால் ஒட்டி அனுப்புவாள். அனுப்பி முடிந்ததும் போன். அங்கே விழுந்த கோப்பின் அளவை ஆபரேட்டர் பார்த்து, கடைசி நான்கு எண்களைப் படிக்க வேண்டும். இவள் பக்கத்து எண்ணோடு ஒத்துப்போனால் இங்கிருந்தே ஒரு கட்டளை அடித்து 'பாதி'யை நீக்குவாள். அதற்கப்புறம்தான் ஆலைக் கணினிக்கு அதைத் தொட அனுமதி. எல்லாம் முடிந்ததும் தன் பக்கத்துப் பிரதியை அழித்துவிடுவாள். "ரெண்டு இடத்துல இருந்தா, எது சரின்னு நாளைக்கு சண்டை வரும்" என்பாள்.

அலுவலகத்தில் அவளுக்கு 'முழுசு அக்கா' என்று பெயர் விழுந்தது. மரியாதையாக மட்டும் வைத்த பெயர் என்று சொல்ல முடியாது. ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தால் அவர் வந்து எண்ணைப் படிக்கும்வரை ஆலை சும்மா நிற்கும். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். கோப்பைச் சுட்டியால் இழுத்து விட்டாலே போய்ச் சேருகிற புது மென்பொருள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

"இழுத்து விடறதுக்கு இது என்ன மாட்டு வண்டியா?" என்றாள் அம்மா.

"பச்சைக் கோடு முழுசா ஓடினா போயிடுச்சுன்னு அர்த்தம்மா. எவ்வளவு சுலபம்!"

"கோடு பொய் சொல்லும் சார்."

"உங்க ஆலைத் தம்பி பொய் சொல்ல மாட்டாரா?"

"சாப்பாட்டு நேரத்தைத் தவிர மத்த நேரம் சொல்ல மாட்டாரு."

அலுவலகத்து வழக்கம் வீட்டுக்குள் எப்போது நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. பஸ் கண்டக்டரான அப்பா, அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பார். பாதிச் செய்தியை அம்மா யாருக்கும் சொல்ல மாட்டாள், யாரிடமும் கேட்கவும் மாட்டாள். மகன் வயிற்றில் இருந்த விஷயம் அப்பாவுக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரியும். "பாதித் தகவலை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? பஸ் ஃபுல்லா சொல்லியிருப்பீங்க" என்றாளாம். மகனுக்கு முதல் வேலைக்கு மூன்று கட்ட நேர்காணல். முதல் கட்டம் தேறியதும் ஆசையாகக் கூப்பிட்டான். "மூணும் முடியட்டும், கூப்பிடு" என்று வைத்துவிட்டாள். பாதிக் கிணறு தாண்டியவனை அவள் பாராட்டியதே கிடையாது.

மகன் வேறொரு நகரத்தில், பிறருடைய கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனான். அம்மா ஓய்வு பெற்றாள். அவன் வாடகைக்கு வைத்திருந்த ஒரு கணினி, எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருந்தது. மகனே அதை நேரில் பார்த்ததில்லை. அதில் அம்மாவுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தான். கறுப்புத் திரை கிடைத்ததும் அவள் முகம் தெளிந்தது. போனில் படம் அனுப்பச் சொன்னால் கேட்கவே மாட்டாள்.

"அது நசுக்கி அனுப்புதுடா. உங்கப்பா மூஞ்சியில இனிமே நசுங்க என்ன இருக்கு?"

அதனால் எல்லாம் கம்பி வழியாக வந்தன. கூரையில் விழுந்த விரிசலின் படம், பூந்தொட்டி இலையில் விழுந்த புள்ளியின் படம். நிறைய ஒலிப்பதிவுகளும் வந்தன: மின்விசிறியின் சத்தம், குளிர்பெட்டியின் சத்தம். "உனக்குத்தான் மெஷின் தெரியுமே. என்ன கோளாறுன்னு சொல்லு." கணினி பார்ப்பவனுக்குக் குளிர்பெட்டி தெரியாது என்பதை அவளுக்கு யாரும் புரியவைக்க முடியவில்லை. மகன் எண்ணைப் படிப்பான். அவள் 'பாதி'யை நீக்குவாள். தன் பிரதியை அழிப்பாள்.

ஒலிப்பதிவுக்கு மட்டும் இன்னொரு விதி வைத்திருந்தாள். கடைசியில் "அவ்ளோதான்" என்று சொல்லி முடிப்பாள். கேட்கிறவனுக்கு, அறுந்து நின்றதா, முடிந்து நின்றதா என்று சந்தேகம் வரக் கூடாதாம்.

இப்படிப்பட்டவள் தன் நெஞ்சு வலியை மகனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ பரிசோதனை எடுத்தார்கள். சில முடிவுகள் வந்தன, ஒன்று வரவில்லை. "அதுவும் வரட்டும், சேர்த்துச் சொல்லிக்கலாம்" என்று அப்பாவின் வாயையும் அடைத்துவிட்டாள். ஒரு காலை, பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்தாள். வரவேண்டிய முடிவு மறுநாள் முழுசாக வந்தது.

இறுதிக் காரியத்துக்கு, கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார். யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மகன் அருகே போனதும், "நான் ஆலையில ஆபரேட்டர் தம்பி" என்றார். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்காவை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். அவ்வளவு வருஷமும் அவர்களுக்கு நடுவில் எண்கள் மட்டும்தான் போய்வந்திருக்கின்றன.

மகன் தன் நகரத்துக்குத் திரும்பினான். வேலைக்குப் போனான். தன் வாடகைக் கணினியில் அம்மாவின் மூலைப் பக்கம் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, இடம் போதவில்லை என்று அந்தக் கணினி எச்சரிக்கை அனுப்பியது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கப் போனான்.

அங்கே ஒரு கோப்பு, 'பாதி' என்று பெயர் தொடங்கியது. அவள் விழுந்த நாளுக்கு முந்தின மாலையில் வந்திருந்தது.

பாதியைத் திறக்கக் கூடாது என்பது விதி. திறந்தான்.

துணி துவைக்கும் மெஷின் தண்ணீர் இழுக்கும் சத்தம். அம்மாவின் குரல்: "இது தண்ணி எடுக்கறது. இதுல ஒண்ணும் இல்ல." நெடுநேரம் சலசலப்பு. "இப்ப அலசுது. இதுலயும் ஒண்ணும் இல்ல. கடைசியில பிழியும்போதுதான் அந்தச் சத்தம் வரும். கேட்டுட்டு சொல்லு." மறுபடி சலசலப்பு. பிறகு குரல் பக்கத்தில் வந்தது. வாயை மைக்கின் அருகே கொண்டுவந்திருக்க வேண்டும். "அப்புறம், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டா. இத்தனை நாளா சொல்லலை."

அதோடு நின்றது. "அவ்ளோதான்" வரவில்லை.

மகன் அதை மறுபடி கேட்கவில்லை. அம்மாவின் கணக்கு அவனுக்குத் தெரியும். எண் ஒத்துப்போகாததை அவள் அழித்திருக்க மாட்டாள். முழுக் கோப்பு அவள் கணினியில் இருக்கும். நோயைப் பற்றி அவள் அவனிடம் சொல்ல நினைத்தாளா, இல்லையா என்பதும் அதில் இருக்கும். அப்பாவுக்குப் போன் செய்தான்.

"அம்மாவோட கம்ப்யூட்டர் எங்கப்பா இருக்கு?"

"கட்டி வச்சிருக்கேன். பழைய சாமான்காரர் நாளைக்கு வர்றேன்னாரு. நமக்கு எதுக்கு அது? இடத்தை அடைச்சுக்கிட்டு."

"நான் வர்றவரைக்கும் கொடுக்காதீங்க."

"நீ எதுக்குடா வர்ற?"

"பாதியில ஒண்ணு நிக்குது."

அப்பா "வா" என்றார்.

காலையில் மகன் போய் இறங்கியபோது கணினி கயிற்றால் கட்டப்பட்டு, செருப்பு விடுகிற இடத்தில் கிடந்தது. பேனாப் பெட்டி மட்டும் மேஜைமேல் இருந்தது, மூக்குக்குக் கீழே வெள்ளையாக. மகன் கயிற்றை அவிழ்த்து, கணினியை மேஜைமேல் வைத்து, உயிர் கொடுத்தான். கடவுச்சொல் அவன் வைத்துக் கொடுத்ததுதான். அவள் மாற்றவே இல்லை. 'போகவேண்டியது' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரே ஒரு கோப்பு.

"இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்கு."

"அன்னைக்கு அது நின்னதுக்குக் காரணம் நான்தான்டா. சட்டை இஸ்திரி போடணும்னு மோடம் பிளக்கைப் பிடுங்கிட்டேன். அவ கத்தினா. சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு மூடி வச்சா."

அந்தக் கூடத்தில் கணினிக்குப் போக மிச்சம் ஒரே ஒரு பிளக் பாயின்ட். இஸ்திரிப் பெட்டிக்கும் மோடத்துக்கும் நடந்த சண்டையில் மகன் வளர்ந்தவன். "ம்" என்றான்.

"அப்படியே திறந்து கேளேன். இங்கதானே இருக்கு."

"அனுப்பி முடிக்காததைத் திறக்கக் கூடாதுப்பா." ஏற்கெனவே ஒருமுறை திறந்தாகிவிட்டது என்று அவன் சொல்லவில்லை.

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ஒரு கட்டளை உண்டு. மகன் அடித்தான். போன பாதியை மறுபடி அனுப்பாமல், நின்ற இடத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து ஓட ஆரம்பித்தது. அந்த வீட்டு இணைப்பு, பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவதுபோலத்தான் போகும். அப்பா ஒரு நாற்காலியை எடுத்துப் போய் பிளக் பாயின்டுக்கு முன்னால் போட்டு, அதை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை கசங்கியிருந்தது.

சாமான்காரர் வந்தார்.

"கம்ப்யூட்டர் போடறேன்னீங்களே சார்?"

"இப்ப முடியாது. பாதியில இருக்கு."

"எதுங்க?"

"வேலை."

"நான் உக்காந்திருக்கட்டுமா?"

"பாதி வேலையை அடுத்தவங்க பாக்கக் கூடாது. நீங்க போங்க, நானே கூப்பிடறேன்."

அவர் மேஜைமேல் இருந்த சோப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே போனார்.

திரையில் ஓட்டம் நின்றது. நூற்றுக்கு நூறு என்று காட்டியது. அது போதாது. அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். மகன் தன் லேப்டாப்பைத் திறந்து, வாடகைக் கணினிக்குள் போய், அம்மாவின் மூலையைத் திரையில் வரவழைத்து, அப்பாவின் மடியில் வைத்தான். "உள் ரூமுக்குப் போய் உக்காருங்க. 'பாதி'ன்னு இருக்கற வரியில பெரிய எண் ஒண்ணு இருக்கும். கடைசி நாலை மட்டும் படிங்க."

"இங்கேயே படிக்கக் கூடாதா?"

"இந்தத் திரையைப் பாத்துட்டா அந்த எண்ணைத்தான் சொல்வீங்க."

அப்பா உள்ளே போனார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சாத்தச் சொல்லவில்லை.

"ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழு!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

ஒத்துப்போகவில்லை. மகன் தன் திரையில் இருந்த எண்ணை மறுபடி பார்த்தான்.

"நடுவுல ரெண்டு புள்ளி இருக்காப்பா?"

"ஆமா."

"அது மணி. பக்கத்துல இடது பக்கம் பாருங்க."

"அப்படிச் சொல்லு. டிக்கெட் நம்பர் கேட்டா, பஸ் நம்பரைச் சொல்லியிருக்கேன்."  பிறகு, டிக்கெட் கேட்டுக் கேட்டு, பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி பழகிய குரல்: "ஏழு! பூஜ்யம்! ரெண்டு! எட்டு!"

ஏழு, பூஜ்யம், இரண்டு, எட்டு.

"முழுசா வந்துச்சாடா?"

"வந்துச்சுப்பா."

மகன் கட்டளை அடித்து 'பாதி'யை நீக்கினான். அப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "பேரு மாறிடுச்சு, பாதியைக் காணோம்" என்றார். மேஜையருகே இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டார். வாடகைக் கணினியில் இருந்ததைத்தான் மகன் திறந்தான். ஏற்கெனவே கேட்ட பாதியைத் தாண்டி, நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

"அப்புறம், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டா. இத்தனை நாளா சொல்லலை. உங்கப்பா இந்த மெஷின்ல ஷூவைப் போட்டுத் துவைச்சாரு. வாக்கிங் போற ஷூ. நான் வீட்டுல இல்லாதப்ப. கேட்டா தொடவே இல்லைங்கறாரு. அதுல இருந்துதான் இந்தச் சத்தம். உனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, பாவம். மெஷினுக்கு மட்டும் என்னன்னு சொல்லு. ம், இந்தா, பிழியுது. இப்ப கேளு."

டடக், டடக், டடக் என்று பெரிய சத்தம். நீண்ட நேரம் ஓடியது. தூரத்தில் அப்பாவின் குரல், இஸ்திரிப் பெட்டியை எங்கே வைத்தாய் என்றது. மெஷின் வேகம் குறைந்து நின்றது.

"அவ்ளோதான்" என்றாள் அம்மா.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ஒரே ஒரு தடவைதான்டா போட்டேன்" என்றார் அப்பா.

"சரிப்பா."

"தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கா." மூக்கைச் சட்டையில் துடைத்தார். அது இன்னும் கொஞ்சம் கசங்கியது. "உடம்பைப் பத்தி சொல்லியிருப்பான்னு நெனச்சுத்தானே ஓடி வந்த?"

மகன் தலையசைத்தான்.

"ரிப்போர்ட் வரலையேடா. எப்படிச் சொல்வா?"

மகன் கறுப்புத் திரைக்குத் திரும்பினான். ஒரு வேலை பாக்கி இருந்தது. எண் ஒத்துப்போனால் அனுப்பியவர் தன் பிரதியை அழிக்க வேண்டும். அழிக்கும் கட்டளையை அடித்தான், கோப்பின் பெயரையும் அடித்தான். விரல் கடைசி விசைக்குப் போகவில்லை.

"என்ன பண்ற?"

"அழிக்கணும்ப்பா. அதுதான் வழக்கம். ரெண்டு இடத்துல இருந்தா எது சரின்னு சண்டை வரும்."

"யாருக்கும் யாருக்கும்டா வரும்?"

மகன் யோசித்தான். அடித்ததை எழுத்தெழுத்தாகப் பின்னோக்கி அழித்தான். அப்பா எழுந்து துணி துவைக்கும் மெஷினிடம் போனார். அடியில் இருந்த சின்ன மூடியைத் திருகித் திறந்து, தரையெல்லாம் தண்ணீர் கொட்ட, கையை உள்ளே விட்டுத் துழாவினார். கறுப்பாக ஒரு ரப்பர்த் துண்டு வந்தது, ஷூவின் குதிகாலில் இருந்து உரிந்தது. அதைத் துடைத்து, பாதி முகம் போட்ட பெட்டிக்குள், பேனாக்களோடு போட்டார்.

பிறகு வந்து மோடம் பிளக்கைத் தொட்டார்.

"பிடுங்கலாமா? சட்டை இஸ்திரி போடணும்."

"பிடுங்குங்க" என்றான் மகன். "எல்லாம் போயிடுச்சு."